ஒஸ்தியா கடற்கரையில் ஒரு வழக்கு

பண்டைய ரோமில் திராட்சை அறுவடைக் காலம் வந்துவிட்டால் நீதிமன்றங்களுக்கு விடுமுறை. கோடையின் கொதிப்பு அடங்கியிருக்கும். வசதியுள்ளவர்கள் தோட்ட வீட்டுக்கோ கடலோரத்துக்கோ கிளம்பிவிடுவார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ, அப்படியொரு விடுமுறையில் மூன்று நண்பர்கள் ஒஸ்தியா கடற்கரைக்குப் போனார்கள். மூவரும் படிப்புப் பித்துப் பிடித்தவர்கள். ஒருவர் ரோமில் வழக்கறிஞராக இருந்த மார்க்கஸ் மினூசியஸ் ஃபெலிக்ஸ். இன்னொருவர் அவருடைய பழைய தோழர் ஆக்டேவியஸ். மனைவியையும் மழலை பேசும் குழந்தைகளையும் ஊரில் விட்டுவிட்டு, நண்பரைப் பார்ப்பதற்காகவே ரோமுக்கு வந்திருந்தார். மூன்றாமவர் கேசிலியஸ், மினூசியஸின் கூடவே இருப்பவர். முதல் இருவரும் கிறிஸ்தவர்கள். கேசிலியஸ் ரோமின் பழைய தெய்வங்களை வணங்குபவர்.

அந்த நாள் முழுவதும் அவர்கள் கடவுளைப் பற்றிப் பேசினார்கள். ஆக்டேவியஸ் இறந்தபிறகு, அவர் நினைவாக மினூசியஸ் அந்தப் பேச்சை எழுதி, நண்பரின் பெயரையே நூலுக்கு வைத்தார். லத்தீனில் எழுதப்பட்ட மிகப் பழைய கிறிஸ்தவ நூல்களுள் ஒன்று அது. பேச்சு அப்படியே நடந்ததா, சிசரோவின் உரையாடல் நூல்களைப் பார்த்துப் பாதி புனைந்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நூல் எழுப்பும் கேள்வி அதனால் சிறுத்துவிடவில்லை. ஒரு நண்பனின் நம்பிக்கை தவறென்று நினைத்தால் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லலாமா? சொல்லலாம் என்றால், எங்கே, எப்படி?

ஒஸ்தியா, டைபர் நதி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுகப் பட்டணம். கப்பல்களோடு தெய்வங்களும் வந்து இறங்கிய ஊர். எகிப்திலிருந்து வந்த செராப்பிஸுக்கு 127-ஆம் ஆண்டிலேயே அங்கே கோயில் எழும்பியது. மித்ரா வழிபாட்டுக்கான கூடங்கள் மட்டும் பதினைந்துக்கு மேல் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. 1961-இல் விமான நிலையத்துக்குச் சாலை போடும்போது ஒரு பழைய யூதத் தொழுகைக்கூடமும் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. வெவ்வேறு கடவுளரைக் கும்பிடுபவர்கள் ஒரே தெருவில் எதிர்ப்பட்டு வணக்கம் சொல்லிக்கொண்ட ஊர் என்று தாராளமாகச் சொல்லலாம். மூன்று நண்பர்களின் தகராறும் தெருவில்தான் தொடங்கியது.

விடியற்காலையில் ஆற்றங்கரை வழியாகக் கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் செராப்பிஸின் சிலை. கேசிலியஸ் கையை உதட்டில் வைத்து முத்தமிட்டு வணங்கினார். நம் ஊரில் பேருந்து கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அது போன்ற அனிச்சையான பக்தி. ஆக்டேவியஸுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் கேசிலியஸிடம் பேசவில்லை; மினூசியஸிடம் திரும்பினார். வீட்டிலும் வெளியிலும் உன்னைப் பிரியாத ஒருவன், பட்டப்பகலில் கல்லில் இடறி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, அது செதுக்கி எண்ணெய் பூசி மாலை போட்ட கல்லாகவே இருக்கட்டும், இந்த அவமானம் அவனுக்கு எவ்வளவோ அவ்வளவு உனக்கும் என்று கடிந்துகொண்டார்.

சொல்லியது நண்பரிடம். சுட்டது பக்கத்தில் நடந்தவரை.

மூவரும் ஊரைத் தாண்டித் திறந்த கடற்கரைக்கு வந்தார்கள். அலை வந்து காலை நனைத்தது. ஆக்டேவியஸ் தன் கடற்பயணக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். கரையில் ஏற்றிக் கட்டைமேல் நிறுத்தியிருந்த படகுகளைக் கடந்தார்கள். சிறுவர்கள் சில்லு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அலை தேய்த்து வழவழப்பாக்கிய ஓட்டுச்சில்லைப் படுக்கைவாட்டில் பிடித்துக் குனிந்து வீசுவார்கள். அது நீரின்மேல் தத்தித் தத்திப் போகும். அதிக தூரம் போய், அதிக முறை துள்ளிய சில்லுக்குரியவன் வென்றவன். இரண்டு நண்பர்களும் நின்று ரசித்தார்கள். கேசிலியஸ் சிரிக்கவில்லை, பார்க்கவுமில்லை. தனியே ஒதுங்கி மௌனமாக நின்றார். என்னவென்று மினூசியஸ் கேட்டபிறகுதான் மனத்திலிருந்ததைச் சொன்னார். உன்னை அலட்சியக்காரன் என்று சொல்லுகிற சாக்கில் ஆக்டேவியஸ் என்னை அறிவிலி என்று சொல்லிவிட்டார், இதை இப்படியே விட முடியாது, முழுதாகப் பேசித் தீர்க்க வேண்டும் என்றார்.

குளிப்பவர்களுக்கு அரணாகக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருந்த பாறைகளின்மேல் மூவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் மினூசியஸ். பட்டிமன்ற நடுவரைப் போல இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அவர் பொறுப்பு. நடுவிடம் தனக்கு மரியாதைக்காகத் தரப்பட்டதில்லை என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நட்பு என்று வந்துவிட்டால் அங்கே மூத்தவர் இளையவர் இல்லை என்பது அவர் கருத்து.

முதல் வாய்ப்பு கேசிலியஸுக்கு. நூலின் மிக நல்ல பகுதிகளுள் ஒன்று அவருடைய பேச்சுதான். இத்தனைக்கும் நூலை எழுதியவர் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர். மனித விவகாரங்களில் எதுவும் உறுதியில்லை என்று கேசிலியஸ் தொடங்குகிறார். உலகம் அணுக்கள் தற்செயலாக மோதிக் கூடியதாக இருக்கலாம். மின்னல் கோயிலிலும் விழுகிறது, குடிசையிலும் விழுகிறது; நல்லவன் தலையிலும் விழுகிறது, பாவி தலையிலும் விழுகிறது. கொள்ளைநோய் ஆள் பார்த்து வருவதில்லை. கப்பல் கவிழும்போது யோக்கியனும் அயோக்கியனும் சேர்ந்தே மூழ்குகிறார்கள். இப்படிப்பட்ட உலகத்தை ஓர் அறக்கடவுள் நடத்துகிறார் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? பேரறிஞர்களே தயங்கி நிற்கும் இடத்தில், எழுத்தறியாத சில பேர் வந்து பிரபஞ்ச ரகசியம் தங்களுக்குத் தெரியும் என்று சொன்னால் எப்படி ஏற்பது?

கவிஞர் சிமோனிடிஸின் கதையையும் சொல்கிறார். கடவுள் என்றால் என்ன என்று சிராக்கூஸ் மன்னர் ஹீரோ கேட்டபோது சிமோனிடிஸ் ஒரு நாள் அவகாசம் கேட்டாராம். மறுநாள் இரண்டு நாள். அப்புறம் நான்கு நாள். ஏன் இப்படி இரட்டித்துக்கொண்டே போகிறீர்கள் என்று மன்னர் வியந்தபோது, யோசிக்க யோசிக்க விஷயம் எனக்கு இன்னும் இருட்டிக்கொண்டு போகிறது என்று பதில் சொன்னாராம்.

இங்கிருந்து கேசிலியஸ் வந்து சேரும் முடிவு இன்றைக்கும் பலருடைய முடிவு. உண்மை தெரியாது, ஆகவே அப்பனும் பாட்டனும் கும்பிட்டதைக் கும்பிடுவோம். ஐயத்திலிருந்து நாத்திகத்துக்குப் போகாமல் ஐயத்திலிருந்து ஆசாரத்துக்குப் போகும் வழி இது. படித்தவர்களிடையே இந்த வழி எல்லாக் காலத்திலும் நெரிசலாகத்தான் இருந்திருக்கிறது. இதை வெறும் சோம்பல் என்று தள்ளுவது நியாயமாகாது. மனிதர்கள் கோயிலைச் சுற்றித்தான் தங்கள் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். தெளிவில்லாத ஒரு புதிய வாதத்துக்காக அதை இடிக்க வேண்டுமா என்பது பொறுப்புள்ள கேள்வி.

ஆனால் கேசிலியஸ் அங்கே நிற்கவில்லை. கிறிஸ்தவர்களைப் பற்றி ஊரில் உலவிய வதந்திகளையெல்லாம் கொட்டுகிறார். கழுதைத் தலையை வணங்குகிறார்கள், மாவில் மூடிய குழந்தையைக் குத்திக் கொன்று தின்கிறார்கள், விளக்கை அணைத்துவிட்டு முறைகெட்டுக் கூடுகிறார்கள். எதுவும் நிச்சயமில்லை என்று தொடங்கியவர், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிய பழியை மட்டும் நிச்சயமென்று நம்பியிருக்கிறார். பேசி முடித்ததும் வென்றுவிட்ட பூரிப்பு வேறு. இரு தரப்பையும் கேட்காமல் குதிக்காதே என்று மினூசியஸ் இடைமறிக்கிறார். நடுவர் குறுக்கே பேசலாமா என்று கேசிலியஸ் அதற்கும் மல்லுக்கு நிற்கிறார்.

ஆக்டேவியஸின் மறுமொழி நீளமானது. எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு இல்லை. ஒழுங்காக நடக்கும் வீட்டைப் பார்த்தால் ஒரு தலைவர் இருக்கிறார் என்று ஊகிக்கிறோமே, உலகத்துக்கும் அப்படித்தான் என்பது அவருடைய அடிப்படை வாதம். மின்னலைப் பற்றிய கேள்விக்கு இது முழுப் பதிலாகாது. ஆனால் அவர் உயரும் இடங்கள் உண்டு. பகுத்தறிவு பிறவியிலேயே எல்லோருக்கும் வாய்த்தது. வயது, பால், பதவி என்ற பேதம் அதற்கில்லை. ஏழை பேசுகிறான் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது என்கிறார். அடிமைகளை வைத்திருந்த ஒரு சமுதாயத்தில், படித்தவர் ஒருவர் இன்னொரு படித்தவரிடம் சொன்ன சொல் இது. சிலைகளைப் பற்றிச் சொல்லும்போது, உங்கள் கடவுளுக்கு உணர்வில்லை என்பது எலிக்கும் பறவைக்கும் தெரிகிறது, கடித்துப் பார்க்கின்றன, கூடு கட்டுகின்றன, சிலந்தி முகத்திலேயே வலை பின்னுகிறது, துடைத்துச் சுத்தம் செய்பவர்கள் நீங்கள்தான் என்கிறார். எங்களுக்குக் கோயிலோ பலிபீடமோ இல்லை, மனிதனே கடவுளின் சாயல் என்னும்போது அவருக்கு வேறெந்தச் சிலையைச் செய்வது என்றும் கேட்கிறார். இவ்வளவு பேசியும் இயேசு என்ற பெயரை அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வேதநூலிலிருந்து ஒரு வசனமும் எடுத்துக்காட்டவில்லை. கேட்பவர் ஏற்கும் நூல்களிலிருந்தே தத்துவவாதிகளையும் கவிஞர்களையும் சாட்சிக்கு அழைக்கிறார். எதிரில் இருப்பவரின் மொழியிலேயே பேசும் இந்த மரியாதை, மத விவாதங்களில் அபூர்வமாகக் கிடைப்பது.

நூலின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருக்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் உங்களைப் போலத்தான் இருந்தோம் என்று ஆக்டேவியஸ் சொல்லும் பகுதி அது. கோயில் கொள்ளையடித்தவனுக்காகவும் தகப்பனைக் கொன்றவனுக்காகவும் நீதிமன்றத்தில் வாதாடினோம்; கிறிஸ்தவன் என்றால் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவே தேவையில்லை என்று நினைத்தோம். சில சமயம் இரக்கப்பட்டே கொடுமை செய்தோம். கிறிஸ்தவன் என்று ஒப்புக்கொண்டவனை, இல்லை என்று சொல்லிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகச் சித்திரவதை செய்தோம் என்கிறார். மற்றக் குற்றவாளிகளை உண்மை சொல்லச் சொல்லி அடிப்பார்கள். இவர்களைப் பொய் சொல்லச் சொல்லி அடித்தார்கள்.

இது இலக்கியக் கற்பனை இல்லை என்பதற்கு அரசாங்கக் கடிதமே சாட்சி. சுமார் 112-ஆம் ஆண்டில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநராயிருந்த இளைய பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதியது அது. கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை மூன்று முறை கேட்டேன், பிடிவாதமாக நின்றவர்களைக் கொல்ல அனுப்பினேன் என்று எழுதுகிறார். மறுத்தவர்கள் பேரரசரின் சிலைக்கு முன்னால் சாம்பிராணியும் மதுவும் படைத்துவிட்டுப் போகலாம். உண்மையை அறிவதற்காக இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததையும் மறைக்கவில்லை. மிதமிஞ்சிய ஒரு மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்கிறார். இந்தப் பிளினி முரடர் அல்லர். ஒஸ்தியாவுக்குப் பக்கத்திலேயே, ரோமிலிருந்து பதினேழு மைல் தொலைவில், லாரென்டம் கடற்கரையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. புத்தகமும் நடையும் அலையோசையுமாக அங்கே கழிந்த நாள்களை ஒரு கடிதத்தில் ஆசையாக வர்ணித்திருக்கிறார். நயமும் கல்வியும் நிறைந்த அதே மனிதர் நீதி ஆசனத்தில் உட்கார்ந்ததும், கடவுளைப் பற்றிய கேள்வி ஆம், இல்லை என்ற இரண்டு சொல்லாகவும் ஒரு வாளாகவும் சுருங்கிவிட்டது.

ஆகவே நீதிமன்றம் மூடியிருந்தது என்று மினூசியஸ் முதலிலேயே குறித்திருப்பதைச் சாதாரணத் தகவலாகத் தாண்டிப் போகக் கூடாது. கேசிலியஸ் மனம் மாறாவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆக்டேவியஸ் தோற்றாலும் அப்படித்தான். தண்டனை என்ற ஒன்று இல்லாத இடத்தில்தான் கேசிலியஸால் தன் ஐயத்தையும் பழியையும் ஒருசேர வெளியே வைக்க முடிந்தது. வெளியே வந்ததால்தான் அந்தப் பழிக்குப் பதில் சொல்ல முடிந்தது.

ரோமானியர்கள் இதை வெகுகாலமாகவே அறிந்திருந்தார்கள். கி.மு. 45-இல் சிசரோ எழுதிய ‘தெய்வங்களின் இயல்பு’ என்ற உரையாடலும் ஒரு பண்டிகை விடுமுறையில்தான் நடக்கிறது. எபிக்யூரஸ் மரபினர் ஒருவர், ஸ்டோயிக் மரபினர் ஒருவர், கோட்டா என்ற ஐயவாதி. இந்தக் கோட்டா ரோமின் அரசுப் பூசாரிகளில் ஒருவர்! சடங்கை விடாமல் செய்வேன், ஆனால் தெய்வங்கள் இருப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் போதவில்லை என்று அவர் வாதிடுகிறார். கேசிலியஸின் முன்னோடி அவர்தான். இன்னொரு நூலில் சிசரோ அதற்கும் முந்தைய தலைமுறையின் செய்தியைச் சொல்கிறார். லேலியஸும் சிப்பியோவும் ஊரிலிருந்து தப்பித்து லாரென்டத்திலும் கயேட்டாவிலும் சிறு பிள்ளைகளாக மாறிக் கிளிஞ்சலும் கூழாங்கல்லும் பொறுக்குவார்களாம். லேலியஸ் அறிஞர் என்ற பட்டம் பெற்றவர். சிப்பியோ கி.மு. 146-இல் கார்த்தேஜ் நகரத்தையே எரித்தழித்த தளபதி. ஸ்டோயிக் தத்துவவாதி பனேஷியஸும் வரலாற்றாசிரியர் பொலிபியஸும் அவர்களுடைய வட்டத்தில் இருந்தார்கள். ஓய்வை உழைப்பின் இடைவேளையாகப் பார்க்காமல், தத்துவத்துக்கு உரிய நேரமாகப் பார்த்த மனிதர்கள் இவர்கள்.

சிசரோவின் நூலில் விவாதம் தீராமலே கலைகிறது. ஒருவருக்கு ஒரு தரப்பு மெய்யாகப் படுகிறது, இன்னொருவருக்கு வேறு தரப்பு மெய்க்கு அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. மினூசியஸின் நூலில் அப்படி இல்லை. ஆக்டேவியஸ் முடித்ததும் சிறிது நேரம் மௌனம். பிறகு கேசிலியஸ் தீர்ப்புக்குக் காத்திருக்காமல், நீ என்னை வென்றாய், நான் என் தவறை வென்றேன், ஆக இருவருமே வென்றோம் என்று அறிவித்துவிடுகிறார். இன்னும் சில சந்தேகங்கள் உண்டு, பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்குப் பேசலாம் என்கிறார். தீர்ப்புச் சொல்லும் சங்கடம் தீர்ந்ததென்று நடுவருக்கு நிம்மதி. மூவரும் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள். வாதத்தின் கணக்கில் பார்த்தால் இந்த மாற்றம் அவசரமானது. சிமோனிடிஸின் நாள்கணக்கைச் சொன்னவர் ஒரே பகலில் கரைந்துவிடுகிறார்.

இந்தக் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. அது நூலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. 384-இல் ரோம் நகர ஆளுநராயிருந்த சிம்மாக்கஸ், செனட் சபையில் வெற்றித் தெய்வத்தின் பலிபீடத்தை மறுபடி வைக்கும்படி பேரரசரிடம் மன்றாடினார். இவ்வளவு பெரிய மறைபொருளை அடைய ஒரே பாதைதான் இருக்க முடியுமா என்பது அவர் வாதம். கேசிலியஸின் குரல்தான், ஆனால் பேரரசு கிறிஸ்தவர் கைக்குப் போய்விட்டதால் இப்போது கெஞ்சும் இடத்தில் இருந்தது. மிலான் ஆயர் அம்புரோசியார் எதிர்த்தார், மனு நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு இதே சிம்மாக்கஸ் மிலான் நகரின் சொற்கலை ஆசிரியர் பதவிக்கு ஓர் இளைஞரைத் தேர்ந்தனுப்பினார். அவர்தான் பின்னாளில் புனித அகுஸ்தினார்.

386-இல் அகுஸ்தினார் மனம் மாறியபோது, பதவியை உடனே உதறவில்லை. திராட்சை விடுமுறை வரட்டும் என்று காத்திருந்தார். விடுமுறை வந்ததும் தாய் மோனிக்கா, மகன், நண்பர் அலிப்பியுஸ், மாணவர்கள் எல்லோருமாக ஒரு நண்பரின் நாட்டுப்புற வீட்டில் தங்கினார்கள். அங்கே நடந்த பேச்சுகளிலிருந்து பிறந்த நூல்களில் ஒன்று ஐயவாதிகளுக்கு மறுப்பு. உண்மையை அறிய முடியுமா என்பதுதான் பொருள். ஒஸ்தியா பாறைமேல் கேசிலியஸ் விட்டுச்சென்ற கேள்வியை ஒரு வீடே கூடி ஆராய்ந்தது. மறுஆண்டு ஒஸ்தியாவிலேயே மோனிக்கா இறந்தார். அவர் கல்லறை வாசகத்தின் ஒரு துண்டை 1945-இல் விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்கள் கண்டெடுத்தார்கள்.

பிறகு சட்டம் கைமாறியது. 391-இல் பேரரசர் தியோடோசியஸ் பழைய பலிவழிபாட்டைத் தடைசெய்தார். அதையொட்டிய காலத்தில் அலெக்சாந்திரியாவில் செராப்பிஸின் மாபெரும் கோயில் தகர்க்கப்பட்டது. கேசிலியஸ் முத்தமிட்ட தெய்வத்தை ஆக்டேவியஸ் சொல்லால் எதிர்த்தார். அவருடைய சமயத்தைச் சேர்ந்தவர்கள் கடப்பாரையால் எதிர்த்தார்கள். ஏறத்தாழ 408-இல் அகுஸ்தினார், மாணவப் பருவத்தில் கார்த்தேஜில் பழகிய வின்சென்சியுஸ் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வின்சென்சியுஸ் கிறிஸ்தவர்தான், ஆனால் பிரிந்துபோன ஒரு சபையின் ஆயர். யாரையும் வற்புறுத்தக் கூடாது, வாதத்தால்தான் வெல்ல வேண்டும் என்று முன்பு நினைத்திருந்தேன். சட்டத்துக்குப் பயந்து எத்தனையோ பேர் சபைக்குத் திரும்பியதைப் பார்த்து என் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று அதில் சொல்கிறார். அச்சம் மனத்தைத் திறக்க உதவும் என்பது அவருடைய புதிய வாதம். ஐரோப்பாவில் மத நீதிமன்றங்களை நியாயப்படுத்தியவர்கள் பல நூற்றாண்டுகள் இந்த வாதத்தின்மேல் சாய்ந்து நின்றார்கள்.

அகுஸ்தினார் மாபெரும் சிந்தனையாளர். இந்த இடத்தில் அவர் தவறினார். திரும்பியவர்களின் எண்ணிக்கையை அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். பிளினியும் தன் கடிதத்தில் அதே சான்றைத்தான் காட்டுகிறார்: கெடுபிடிக்குப் பிறகு பாழடைந்த கோயில்களுக்கு மறுபடி கூட்டம் வருகிறது என்கிறார். அச்சம் எந்தக் கோயிலையும் நிரப்பும். எது உண்மை என்று அதனால் காட்ட முடியாது.

நண்பனின் நம்பிக்கையைத் தொடலாமா என்ற கேள்விக்கு மினூசியஸின் நூல் தரும் பதில், தொடலாம் என்பதே. தவறென்று மனமார நினைத்துக்கொண்டு, உறவு கெடுமே என்று ஊமையாயிருப்பதில் ஓர் அசட்டை ஒளிந்திருக்கிறது. ஆக்டேவியஸ் அதைச் சரியாகப் பிடித்தார். ஆனால் அந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. முதலில் மற்றவர் பேச வேண்டும். மனம் புண்படுத்தும் வதந்தி வரை எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அவர் ஒப்பும் சான்றுகளைக் கொண்டே பேச வேண்டும். ஒத்துக்கொள்ளாமல் போனாலும் அடுத்த நாள் சேர்ந்து நடக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆக்டேவியஸ் அந்த விலையைக் கொடுத்தார்.

இந்த நூல் நம் கைக்கு வந்ததே தற்செயல். ஒன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில், ஆர்னோபியஸ் என்பவருடைய நூலின் கடைசிப் பகுதியாக அது ஒட்டிக்கொண்டு கிடந்தது. 1560-இல் பிரான்சுவா போதுவேன் என்ற சட்ட அறிஞர்தான் இது மினூசியஸின் தனி நூல் என்று கண்டு சொன்னார். சிறிய நூல், ஒரு பகலில் படித்துவிடலாம். அடுத்த விடுமுறைக்கு நண்பர்களோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் இதையும் எடுத்துப் போகலாம். பக்தர்கள் கேசிலியஸின் பகுதியையும், ஐயவாதிகள் ஆக்டேவியஸின் பகுதியையும் முதலில் வாசியுங்கள்.